கால்சியம் ஏற்றிய கிராஃபைட்: மின்தடை ஏன் சுழியைத் தொடவில்லை?

கிராஃபைட் துண்டைக் கால்சியம் ஆவியில் வைத்த பிறகும், குளிர்விக்கும்போது மின்தடை சுழியாகவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். கிராஃபைட்டின் கரி அடுக்குகளுக்கிடையே கால்சியம் முழுவதும் புகுந்தால்தான், அது 11.5 கெல்வின் அருகே மீக்கடத்தியாகி (மின்தடையே இல்லாத பொருளாகி) நிற்கும். அந்த வெப்பநிலையில் மின்தடை சற்று இறங்கி நின்றுவிடுகிறது என்றால், கால்சியம் மேற்பரப்பில் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது, உள்ளே போகவில்லை. நீங்கள் செய்ததுபோல் கால்சியம் ஆவியில் வைத்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும்.

துண்டைக் கத்தியால் பிளந்து, உட்பக்கத்தை எக்ஸ்-கதிரில் பாருங்கள். அடுக்கு இடைவெளி 4.5 ஆங்ஸ்ட்ராம் என்றால் கால்சியம் புகுந்துவிட்டது, 3.35 என்றால் அது வெறும் கிராஃபைட்தான்.

2005-இல் துண்டு முழுவதையும் மாற்றிக் காட்டியவர்கள், உருகிய லித்தியம்-கால்சியம் கலவையில் 350 டிகிரி செல்சியஸில் பத்து நாள் ஊறவைத்தார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனாலும் அந்த வழிக்கே மாறுங்கள்.

பிளப்பதையும் ஆர்கான் வாயு நிரப்பிய, காற்றுப் புகாத பெட்டிக்குள்ளேயே செய்யுங்கள். ஈரக்காற்று பட்டால் கால்சியம்-கிராஃபைட் சேர்மம் சிதைந்துவிடும்; பிறகு எந்த அளவீட்டையும் நம்ப முடியாது.