களை மண்டிய நிலம், கையில் கொஞ்சம் காசு: கேள்வி பதில்

தோட்டம் போட ஒரு துண்டு நிலம் கிடைத்திருக்கிறது, ஆனால் பல வருடம் கவனிப்பாரில்லாமல் புதர் மண்டிக் கிடக்கிறது, செலவழிக்கவும் வசதியில்லை. இப்படிப்பட்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

பொதுத் தோட்டத்தில் பத்துக்கு இருபது மீட்டர் இடம் கொடுத்திருக்கிறார்கள். இடுப்பளவுக்குப் புல்லும் முள்ளும். ஆள் வைக்க முடியாது. எங்கே தொடங்குவது, அண்ணா?

முதலில் முழு நிலத்தையும் சுத்தம் செய்யும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 200 சதுர மீட்டரையும் கஷ்டப்பட்டுக் கொத்திப் போட்டால், அடுத்த மழைக்கே எல்லாம் பச்சையாகிவிடும். மண்ணுக்குள் பல வருடத்து விதை தூங்கிக் கிடக்கிறது. கிளறினால் அதற்கு வெளிச்சம் கிடைக்கிறது, முளைத்துவிடுகிறது. அதற்குள் உங்களுக்கு இடுப்பு போயிருக்கும்.

அதனால் அறுவாளால் எல்லாவற்றையும் கணுக்கால் உயரத்துக்கு அறுத்துவிடுங்கள், அவ்வளவுதான். பிடுங்க வேண்டாம். அறுக்கும் முன் நீளமான கம்பால் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே கண்ணாடிச் சில்லு, கம்பி, குளவிக்கூடு, பாம்பு எதுவும் இருக்கலாம். கனமான செருப்போ பூட்ஸோ இல்லாமல் இறங்காதீர்கள்.

அறுத்து முடித்ததும் நிலத்தின் முகம் தெரியும்: எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே நாள் முழுக்க வெயில் விழுகிறது என்று. தண்ணீருக்குப் பக்கமாக, வெயில் நன்றாக விழும் கால்வாசி இடத்தை மட்டும் இந்த வருடம் திறங்கள். மீதியில் ஒரே வேலை, பூக்க விடாமல் அறுத்துக்கொண்டே இருப்பது.

ரோட்டவேட்டரை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிட்டால் என்ன?

என்ன களை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விதையில் முளைத்து ஒரே பருவத்தில் சாகிற களை என்றால் உழலாம். அருகம்புல்லும் கோரையும் இருந்தால் வேண்டவே வேண்டாம். அருகம்புல் தண்டில் ஒவ்வொரு கணுவும் ஒரு தனிச் செடி. இயந்திரம் அதைத் துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்க நட்டுவிடும், அதற்கு நீங்கள் வாடகையும் கொடுத்திருப்பீர்கள்.

கோரை பற்றிச் சொன்னீர்கள். எங்கள் இடத்தில் பாதி அதுதான். பிடுங்கப் பிடுங்க வருகிறதே?

நீங்கள் பிடுங்குவது இலையை. கிழங்கு உள்ளேயே இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாகப் போகும். மேலே இருப்பதை எடுத்தால் உறங்கிக் கிடந்த அடுத்தது முளைக்கும். அட்டை, மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு இரண்டையுமே அதன் கூர்முனை குத்திக்கொண்டு வெளியே வரும்.

அதற்கு ஆகாதவை இரண்டு: வெயிலில் காய்வதும் நிழலும். கடும் வெயில் காலத்தில் மண்ணை ஆழமாகப் புரட்டி, கிழங்குகளை மேலே எடுத்துப் போட்டுச் சில நாள் நன்றாகக் காயவிடுங்கள். சுருங்கிக் காய்ந்த கிழங்கு முளைக்காது. தப்பியது தலைகாட்டும்போது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். அதற்கு மேல் விட்டால் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். அப்புறம் அந்த இடத்தில் தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி மாதிரி அடர்ந்து தரையை மூடும் பயிரைப் போடுங்கள். வெங்காயம் அங்கே வேண்டாம், அதன் இலை நிழலே தராது. ஒரே பருவத்தில் கோரை ஒழியும் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. குறையும், அதுவே பெரிய விஷயம்.

அட்டைப்பெட்டி விரித்துக் களையை அழிப்பது நிஜமாகவே நடக்குமா?

கோரை தவிர்த்த பலவற்றுக்கு நடக்கும். காசில்லாதவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பழுப்பு நிற அட்டை மட்டும் எடுங்கள். பளபளப்பான அச்சு உள்ளவை வேண்டாம். டேப்பையும் பின்னையும் உரித்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று 15 செ.மீ. ஏறும்படி விரித்து, நன்றாக நனையுங்கள். மேலே 8 முதல் 10 செ.மீ. வரை சருகு, வைக்கோல், அறுத்த புல். பூசணி போட வேண்டுமானால் காத்திருக்கக்கூடத் தேவையில்லை. அட்டையில் ஓட்டை போட்டு, குழியில் மட்கிய உரம் நிரப்பி விதையை ஊன்றுங்கள். பழைய கார்பெட் விரிக்கச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள், அதன் செயற்கை நூலைப் பல வருடம் மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

உப்பும் வினிகரும் கலந்து தெளித்தால் களை கருகிவிடுமாமே, சார்?

இலை கருகும், வேர் பிழைத்துக்கொள்ளும். உப்பு மண்ணில் தங்கும். காய்கறி போட வேண்டிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

கருவிகள் வாங்கக் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன். எதை வாங்க?

மண்வெட்டி, அறுவாள், களைக்கொத்து, அப்புறம் ஓர் அரம். அரத்தை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, மழுங்கிய மண்வெட்டியோடு மாரடிப்பார்கள். இரும்பு நன்றாக இருந்தால் பழையதே போதும், பிடியை மாற்றிக்கொள்ளலாம். பலகை அடித்த மேட்டுப்பாத்திக்குச் செலவு செய்யாதீர்கள். 1.2 மீட்டர் அகலத்தில் மண்ணை அணைத்தாலே பாத்திதான், இரண்டு பக்கமும் நின்று நடுவரை கை எட்டும்.

சாணி உரம் இலவசமாகத் தருகிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

எடுங்கள், ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். பச்சைச் சாணியை நேராகப் போட வேண்டாம், மட்கட்டும். இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாது. மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் களைக்கொல்லிகளில் சில, குறிப்பாக அமினோபைரலிட், மாட்டின் வயிற்றைக் கடந்து சாணியிலும் வீரியத்தோடு இருக்கும். தக்காளி, அவரை, உருளை எல்லாம் சுருண்டு போகும். சோதிப்பது எளிது. கொஞ்சம் உரத்தை மண்ணில் கலந்து சில தொட்டிகளில் பீன்ஸ் போடுங்கள், வெறும் மண்ணிலும் சிலவற்றில் போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் உரம் போட்டதில் மட்டும் இலை சுருண்டு கிண்ணம் போலக் குவிந்தால், அந்த உரத்தைத் தொடாதீர்கள்.

அறுத்த களையை எரித்துவிடலாமா?

ஏன் எரிக்க வேண்டும், அதுதானே உங்கள் உரம்! பூக்காததை மண்ணை மூடும் மூடாக்காகப் போடுங்கள், அல்லது குவித்து மட்கவிடுங்கள். விதை கட்டியதைச் சேர்க்காதீர்கள். விதை சாக குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடு நிற்க வேண்டும், சின்னக் குவியல் அவ்வளவு சூடாகாது. அருகம்புல் வேரை மூடியுள்ள வாளித் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு, அழுகி நாறியபின் குவியலில் கொட்டுங்கள். பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்குங்கள், பலருக்குத் தோல் அலர்ஜி வரும்.

விதைச் செலவைக் குறைக்க வழி?

அவரை, பீன்ஸ், தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகமாக இல்லாவிட்டால் அடுத்த வருடத்துக்கு நீங்களே விதை எடுக்கலாம். பூசணி, சுரைக்கு அப்படிச் செய்ய வேண்டாம், பக்கத்துத் தோட்டத்துப் பூவோடு கலந்துவிடும். அதன் விதையில் வந்த காய் கசந்தால் சாப்பிடாமல் தூக்கிப் போடுங்கள், அந்தக் கசப்பு நச்சு.

அண்ணா, பக்கத்து இடத்துப் பெரியவர் தினமும் சண்டை. என் களை விதை அவர் பாத்தியில் விழுகிறதாம். நான் இன்னும் கால்வாசிகூட முடிக்கவில்லை.

அவர் சொல்வது நியாயம்தான், தம்பி. நாளைக்கே அவர் எல்லை ஓரமாக ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒட்ட அறுத்துவிட்டு, அவரிடமே போய்ச் சொல்லுங்கள். அப்படியே மிச்ச நாற்று ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த மண்ணில் எது வரும், எது வராது என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.