ஒரு மாநிலத்தை இரண்டாகப் பிரித்தால் வளர்ச்சி வருமா? ஆந்திரா, தெலங்கானா பிரிந்ததில் யாருக்கு லாபம்?

ஹைதராபாத் கிடைத்தவருக்கு லாபம், கிடைக்காதவருக்கு நஷ்டம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம்.

2021-ல் கோவைப் பக்கத்து மாவட்டங்களைத் தமிழ்நாட்டிலிருந்து பிரித்துக் கொங்கு நாடு ஆக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து ஊர்ப் பக்கம் போனாலே என்னிடம் இதைக் கேட்கிறார்கள். நீங்களும் கோவை, ஈரோடு பக்கம்தான் என்று நினைக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் திருப்பூர். செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் பனியன், ஜட்டி மொத்த வியாபாரம். பிரிவதற்கு முன்பும் இங்கேதான், பிரிந்த பிறகும் இங்கேதான். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. ஆனால் இரண்டு காலத்திலும் பில் போட்டவன்.

பின்னூட்டத்தில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தெலங்கானா கேட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 1956-ல் ஆந்திராவோடு சேர்க்கும்போது கொடுத்த வாக்குறுதிகளைக் காப்பாற்றவில்லை, 1969 போராட்டத்தில் பல உயிர்கள் போயின. மகபூப்நகர் மாவட்டத்தில் கிருஷ்ணா ஓடுகிறது, ஆனால் அங்கிருந்துதான் ஊர் ஊராக மும்பைக்குக் கூலி வேலைக்குக் கிளம்பிப் போனார்கள். பிரிந்தால் தெலங்கானா இருட்டில் மூழ்கிவிடும் என்றார் கடைசி முதல்வர் கிரண் குமார் ரெட்டி. 2018 ஜனவரி முதல் விவசாயத்துக்கே 24 மணி நேர மின்சாரம் கொடுத்துக் காட்டினார்கள். மறுக்க முடியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். மாநிலம் பிரிந்த 2014 ஜூன் 2 வரை விஜயவாடா எனக்கு உள்ளூர் மாதிரி. வஸ்திரலதா மார்க்கெட்டில் நல்ல பார்ட்டிகள் இருந்தார்கள். ராத்திரி லாரியில் ஏற்றினால் காலையில் அவர்கள் ஷட்டர் தூக்கும்போது சரக்கு வாசலில் கிடக்கும். வாட் (அப்போதைய மாநில விற்பனை வரி) போட்டு பில், அந்த வரியை அவர் தன் கணக்கில் கழித்துக்கொள்வார், முடிந்தது. ஜூன் 2-க்குப் பிறகு அதே சரக்கு, அதே லாரி, அதே ரோடு, ஆனால் வெளிமாநில விற்பனை. 2 சதவீதம் மத்திய விற்பனை வரி. அதை வாங்குபவர் கழிக்க முடியாது. போதாததற்கு அந்தச் சலுகை வரிக்குச் சான்றாக அவர் எனக்கு சி ஃபாரம் தர வேண்டும், தராவிட்டால் முழு வரியும் என் தலையில்.

28 என்ற மாநில எண்ணில் ஆரம்பித்த எங்கள் டின் நம்பர், அதாவது வரிப் பதிவு எண், 36-க்கு மாறியது. அச்சடித்து அடுக்கி வைத்திருந்த பில் புக்குகளில் 28-ஐ அடித்துவிட்டுப் பக்கம் பக்கமாக 36 என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினோம். எல்லைச் செக்போஸ்டில் ஒரு லாரியை அதற்காகவே ஓரங்கட்டிவிட்டார்கள். அச்சு வேண்டுமாம், ஸ்டாம்ப் செல்லாதாம். மழைக்காலம் வேறு, தார்ப்பாய் சரியில்லாமல் மேல் வரிசை பண்டல் எல்லாம் நனைந்தது. வெள்ளை பனியன் ஒரு தடவை கறை பிடித்தால் செகண்ட்ஸ் விலைக்குத்தான் போகும்.

ஆனால் எனக்கு அடி விழுந்தது அங்கே இல்லை. விஜயவாடா பார்ட்டிகள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். திருப்பூரிலிருந்து நான் 2 சதவீதம் கட்டி எடுத்து வந்து, அதன்மேல் இன்னொரு 2 சதவீதம் ஏற்றி அவருக்கு விற்பதற்குப் பதில், அவரே திருப்பூருக்கு ரயில் ஏறினால் என்ன? ஏறிவிட்டார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரித் தொல்லை தீர்ந்தது. போனவர்கள் திரும்பவில்லை.

இது ஒரு கடைக்காரன் பாடு. ஆந்திர அரசின் பாடு இதைவிட மோசம். கடனை மக்கள்தொகைக் கணக்கில் பிரித்தார்கள், அதில் 58.32 சதவீதம் ஆந்திரா பங்குக்கு வந்தது. வருமானம் தரும் ஐடி கம்பெனிகளையும் மருந்துக் கம்பெனிகளையும் அப்படிப் பிரிக்க முடியுமா? அவை இருந்த இடத்திலேயே இருந்தன. பற்றாக்குறையைச் சமாளிக்க 14-வது நிதிக்குழு ஐந்து வருஷத்துக்கு 22,000 கோடிக்கு மேல் மானியம் கொடுக்கும்படி ஆனது. ஆந்திராவுக்குத் தருவதாக மன்மோகன் சிங் மாநிலங்களவையில் சொன்ன, மத்திய உதவி கூடுதலாகக் கிடைக்கும் சிறப்பு அந்தஸ்து இன்றுவரை வரவில்லை. 1953-லும் அவர்கள் சென்னை இல்லாமல்தான் பிரிந்து போனார்கள், கர்னூலில் கூடாரம் போட்டு ஆட்சி நடத்தினார்கள். இரண்டாவது தடவையும் நகரத்தை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது.

ஹைதராபாத் பத்து வருஷம் பொதுத் தலைநகர் என்று சட்டம் சொன்னாலும், 2016-லேயே ஆந்திரத் தலைமைச் செயலகத்தை அமராவதிப் பகுதியில் உள்ள வேலகபூடிக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு செக்‌ஷன் ஆபீசர் இருந்தார். பிள்ளைகள் படிப்பு இங்கே, வேலை அங்கே. வெள்ளிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் விடிவதற்குள் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். புதுத் தலைநகரம் அமராவதிக்காக 33,000 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்த விவசாயிகளுக்கு 2019-ல் மூன்று தலைநகரம் என்றார்கள், 2024-ல் ஆட்சி மாறியதும் மறுபடி அமராவதியே என்றார்கள்.

அரசியலில் இன்னும் வேடிக்கை. 2009-ல் ஒன்றுபட்ட ஆந்திராவின் 42 எம்பி தொகுதிகளில் காங்கிரசுக்கு 33. மாநிலத்தைப் பிரித்துக் கொடுத்த அதே கட்சிக்கு 2014-ல் ஆந்திராவில் எம்பியும் இல்லை, எம்எல்ஏவும் இல்லை. சரி, தெலங்கானாவாவது நன்றி காட்டியதா? அங்கே ஆட்சியைப் பிடிக்க 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கோடு போட்டால் வரி மட்டும்தான் மாறும் என்று நினைக்காதீர்கள். 2021 மே மாதம் ஆந்திராவிலிருந்து கொரோனா நோயாளிகளை ஹைதராபாத் ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றி வந்த ஆம்புலன்ஸ்களை எல்லையில் நிறுத்தினார்கள். ஹைகோர்ட் தலையிட்ட பிறகுதான் விட்டார்கள். அந்த ஆஸ்பத்திரிகள் இரண்டு பக்கத்துப் பணத்திலும் வளர்ந்தவை.

அதனால் கொங்கு நாடு பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் திரும்பிக் கேட்பது ஒன்றுதான். திருப்பூர் பில் போடும், தூத்துக்குடியில் கப்பல் ஏறும், நடுவில் எத்தனை ஃபாரம் நிரப்பத் தயார்? ஜிஎஸ்டி இருக்கிறதே என்பார்கள். தண்ணீருக்கும் வேலைக்கும் மெடிக்கல் சீட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். திருப்பூரில் பணத்தை வைத்தால்தான் சரக்கைத் தொட விடுவார்கள், இங்கே கடைக்காரர்கள் மூன்று மாசக் கடன் கேட்பார்கள். நடுவில் நிற்கிறவன் வட்டி கட்டுவான். அந்தச் சமயத்தில் சி ஃபாரம் தராமல் இழுத்தடித்த ஒரு விஜயவாடாப் பார்ட்டியால், வரி வித்தியாசத்தை வட்டியோடு நான்தான் கட்டினேன். போன தீபாவளிக்கு அவரே போன் பண்ணி, "அண்ணா, பழைய ரேட்டுக்கே போட்டுக் கொடுங்க" என்றார். முழுப் பணமும் அட்வான்ஸாகக் கேட்டேன். லைனைக் கட் பண்ணிவிட்டார்.