கேமரா கேள்வி – பதில்

கே: பழைய ஃபிலிம் எஸ்.எல்.ஆர். (உள்ளே உள்ள கண்ணாடி மூலம் லென்ஸ் வழியாகவே பார்த்துப் படமெடுக்கும் கேமரா) ஒன்று வாங்கி நெடுநாள் பயன்படுத்த ஆசை. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2, கேனான் ஏஇ-1 மூன்றில் எதை நம்பலாம்?

ப: முதல் இரண்டில் ஒன்றை. 1976இல் வந்த கே1000, 1982இல் வந்த எஃப்எம்2 இரண்டிலும் ஷட்டர், அதாவது ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் திரை, மெக்கானிக்கல். பேட்டரி தீர்ந்தாலும் எல்லா வேகத்திலும் ஓடும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும் படுத்துக்கொள்ளும். ஏஇ-1இன் ஷட்டரோ எலக்ட்ரானிக். 6 வோல்ட் பேட்டரி இல்லாமல் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சர்க்யூட் போனால் இன்னொரு ஏஇ-1ஐப் பிரித்துத்தான் பாகம் எடுக்க வேண்டும். ஏஇ-1இல் ஷட்டர் விழும்போது கீச்சென்று சத்தம் வந்தால், உள்ளே கண்ணாடியை இயக்கும் பகுதியில் எண்ணெய் வற்றிவிட்டது. சர்வீஸ் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். இத்தனைக்கும் பிறகு, ஒழுங்காக வைத்திருந்த ஏஇ-1, பரணில் கிடந்த எஃப்எம்2ஐவிட மேல்தான்.

கே: கேமராவைக் கையில் வாங்கியதும் எதைச் சோதிப்பது?

ப: பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வேகத்தை 1 செகண்டில் வைத்து அழுத்துங்கள். திணறித் திணறி மூடினாலோ பாதியில் நின்றாலோ, மெதுவேகப் பற்சக்கரங்களில் எண்ணெய் பிசினாகிவிட்டது. முதல் தடவை இழுத்து, பத்தாவது தடவை சரியாக ஓடினாலும் கதை அதுதான். விற்பவர் காட்டும்போது நன்றாக ஓடுவது பெரும்பாலும் இந்தப் பத்தாவது தடவை!

அடுத்து 1/1000 செகண்ட் வேகம். வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி பின்பக்கம் வழியாக நோக்கி அழுத்தினால் சட்டம் (ஃபிரேம்) முழுவதும் வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகவே இருந்தால், ஒரு திரை மற்றதை எட்டிப் பிடிக்கிறது. படத்திலும் அந்த ஓரம் கறுக்கும். துணித்திரை என்றால் டார்ச் அடித்து ஊசித்துளை தேடுங்கள்.

லென்ஸில் ஒளி புகும் துவாரமான அபெர்ச்சரை முழுதாகத் திறந்து டார்ச் ஒளியை ஊடுருவவிட்டால், பூஞ்சை சிலந்தி வலைபோலத் தெரியும். தூசி நாலைந்து இருந்தால் கவலை வேண்டாம். அந்தத் துவாரத்தைச் சுருக்கும் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால்தான் வம்பு. அவை சோம்பலாக மூட, படம் வெளிறும்.

பின்கதவுப் பள்ளத்தில் ஒளி கசியாமல் தடுக்கும் ஸ்பாஞ்சைப் பல்குத்தியால் தொட்டுப் பாருங்கள். தார்போல ஒட்டினால் மாற்ற வேண்டும். இதற்காக மட்டும் நல்ல கேமராவை விட்டுவிடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மரக்குச்சியால் சுரண்டி, புது ஸ்பாஞ்ச் ஒட்டுவது ஒரு மாலை வேலை. ஷட்டர் திரைமேல் துணுக்கு விழாமல் காகிதத்தால் மூடிக்கொள்ளுங்கள். உள்கண்ணாடியைத் துடைக்கவே கூடாது; எதிரொளிக்கும் பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது, கீறிவிடும்.

கே: ஒலிம்பஸ் ஓஎம்-1இல் புது 1.5 வோல்ட் பேட்டரி போட்டேன். படங்களெல்லாம் இருட்டாக வருகின்றன. ஷட்டர் கோளாறா?

ப: ஷட்டருக்கும் பேட்டரிக்கும் அதில் சம்பந்தமே இல்லை. அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச செல்லுக்கு அமைந்தது. மின்னழுத்தம் கூடியதும் வெளிச்சம் அதிகம் என்று நம்பி ஏமாறுகிறது. நீங்கள் அபெர்ச்சரைக் குறைக்கிறீர்கள். ஐஎஸ்ஓவை (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) திருகிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஆல்கலைன் செல் தீரத் தீர வோல்ட் இறங்குவதால் பிழையின் அளவும் மாறிக்கொண்டே போகும். காதுக் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் செல் சுமார் 1.4 வோல்டை நிலையாகத் தரும். விட்டம் சிறியது என்பதால் சுற்றிலும் ரப்பர் வளையம் வேண்டும். ஸ்டிக்கரை உரித்தபின் சில வாரங்கள்தான் ஆயுள். அடிக்கடி மாற்றச் சலிப்பாக இருந்தால், வோல்டைக் குறைக்கும் டயோடு பொருத்திய அடாப்டரில் சில்வர் ஆக்ஸைடு செல்லைப் போடுங்கள்.

கே: பயன்படுத்தாத நாட்களில் தோல் உறையில் வைக்கலாமா?

ப: வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்துப் பூஞ்சையை வளர்க்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட்டி, கடைசியில் காக் செய்யாமல், அதாவது அடுத்த படத்துக்கு லீவரை இழுத்து வைக்காமல், விடுங்கள். கே1000இல் மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட மறந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.