சட்டத்தைக் காட்டி மன்னரை மறித்த பாதிரியார்

கேள்வி: மன்னருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் எழுதியதற்காக இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவர் 317 சவுக்கடி வாங்கினார் என்று படித்தேன். பெயர் சாமுவேல் ஜான்சன். அகராதி எழுதிய ஜான்சனும் இவரும் ஒருவர்தானா?

பதில்: இல்லை. அகராதி ஜான்சன் பிறந்தது 1709இல். நீங்கள் கேட்கும் பாதிரியார் 1703இலேயே காலமாகிவிட்டார். அந்தக் காலத்து லண்டன்வாசிகள் இவரை 'ஜூலியன் ஜான்சன்' என்பார்கள். இவர் எழுதிய நூலின் பெயர் இவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கேள்வி: அந்த ஜூலியன் ரோமப் பேரரசர் அல்லவா? 4ஆம் நூற்றாண்டில் செத்துப்போனவரைப் பற்றி எழுதினால் 17ஆம் நூற்றாண்டு மன்னருக்கு ஏன் கோபம் வர வேண்டும்?

பதில்: இந்தக் கேள்விக்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஜான்சனின் திறமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நூல் வெளிவந்தது 1682இல். இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சட்டப்படியான வாரிசு இல்லை. அடுத்துப் பட்டத்துக்கு வரவேண்டியவர் தம்பி ஜேம்ஸ். அவர் கத்தோலிக்கராக மாறியிருந்தார். அவரை வாரிசுரிமையிலிருந்து விலக்க நாடாளுமன்றம் மசோதா கொண்டுவந்தது. மன்னர் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டார். அரசரை எதிர்ப்பது பாவம், அவர் அநியாயம் செய்தாலும் பொறுத்துக்கொண்டு சாவதே கிறிஸ்தவக் கடமை என்று இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கத் திருச்சபையின் பிரசங்க மேடைகளில் முழங்கினார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் சிங்கத்தின் வாயில் விழுந்தார்களே தவிர, எதிர்த்துக் கையை ஓங்கினார்களா என்பது அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி.

ஜான்சன் அதே ஆதிக் கிறிஸ்தவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். ஜூலியன் கிறிஸ்தவனாக வளர்ந்து, 361இல் பேரரசனானதும் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர். அவர் காலத்துக் கிறிஸ்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டா இருந்தார்கள்? அந்தக் காலத்துத் திருச்சபை அறிஞர் நசியான்சஸ் கிரெகோரி அவரைச் சாடி எழுதிய இரண்டு உரைகள் இன்றும் இருக்கின்றன. மறுபக்கம், அவருக்கு முந்தைய தலைமுறைகளில் பொறுமையாக உயிர்விட்ட தியாகிகளும் உண்மைதான். ஏன் இந்த வித்தியாசம்? ஜான்சனின் பதில் என்னை இன்றும் நிமிர்ந்து உட்கார வைக்கிறது. முந்தைய தியாகிகளின் காலத்தில் கிறிஸ்தவம் சட்டவிரோதம். அதனால் அவர்கள் நாட்டுச் சட்டப்படி செத்தார்கள். கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு கிறிஸ்தவம் சட்டம் ஏற்ற மதம். அதனால் ஜூலியன் செய்தது சட்டத்தை மீறிய கொடுமை. சட்டம் என் பக்கம் இருக்கும்போது என் கழுத்தில் கத்தி வைக்க வருகிறவனுக்கு நான் பணிய வேண்டியதில்லை.

சாதுவாகத் தெரியும் இந்த வாதத்தை 1682இன் இங்கிலாந்துக்குப் பொருத்திப் பாருங்கள். புராட்டஸ்டண்ட் மதம் அங்கே சட்டத்தால் நிறுவப்பட்டது. அப்படியானால் அதை அழிக்க வரும் மன்னனுக்கு இங்கிலாந்துக்காரன் பணிய வேண்டுமா? ஜூலியனின் கதையைப் படித்து முடிக்கும்போது வாசகனின் மனதில் இந்தக் கேள்வி தானாகவே எழுந்துவிடும். அரண்மனைக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் அதுதான்.

ஜார்ஜ் ஹிக்ஸ் என்ற இன்னொரு பாதிரியார் 'ஜோவியன்' என்று பதில் நூல் எழுதினார். ஜூலியனுக்கு அடுத்து வந்த பேரரசரின் பெயர் ஜோவியன். ஜான்சன் உடனே அடுத்த நூலை அச்சடித்து வைத்தார். ஆனால் 1683இல் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஜான்சன் எந்தப் பிரபுவின் வீட்டுப் பாதிரியாராக இருந்தாரோ, அந்த வில்லியம் ரஸ்ஸல் ராஜத்துரோக வழக்கில் ஜூலை 21 அன்று தலை வெட்டப்பட்டார். அதே நாளில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மன்னரை எதிர்க்கலாம் என்ற கருத்துகளைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு, புத்தகங்களைத் தீயிலிட்டது. அச்சடித்த அந்த இரண்டாவது நூல் எங்கே என்று அரச ஆலோசனை சபை ஜான்சனைக் கூப்பிட்டுக் கேட்டது. அவர் கொடுக்க மறுத்தார். அடுத்த ஆண்டு முதல் நூலுக்காக வழக்கு, 500 மார்க் அபராதம். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவு பணத்துக்கு அவர் எங்கே போவார்? கட்ட முடியாமல் சிறையிலேயே இருந்தார்.

கேள்வி: அப்படியானால் சவுக்கடி எதற்கு?

பதில்: அது சிறைக்குள்ளிருந்து எழுதிய வேறொரு பிரசுரத்துக்காக. 1685இல் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டு லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோ வெளியில் பெரிய ராணுவ முகாம் போட்டார். சட்டம் தடுத்திருந்தும் படையில் கத்தோலிக்க அதிகாரிகளை நியமித்திருந்தார். ஜான்சன் அந்தப் படையிலிருந்த புராட்டஸ்டண்ட் சிப்பாய்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள் எழுதினார். சுருக்கமான பிரசுரம். உங்கள் மதத்துக்கும் உங்கள் நாட்டுச் சட்டத்துக்கும் எதிராக உங்களையே ஆயுதமாக்குகிறார்கள், அதற்கு ஒத்துப்போவீர்களா என்பதுதான் அதன் சாரம். முதல் நூலில் படித்தவர்களோடு வாதாடியவர், இதில் சாதாரணச் சிப்பாயிடம் பேசினார். எந்த அரசும் இதைத்தான் அதிகம் அஞ்சும்.

1686 நவம்பரில் தீர்ப்பு வந்தது: மறுபடி 500 மார்க் அபராதம், கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் மாட்டி மூன்று பொது இடங்களில் நிறுத்துவது, நியூகேட் சிறையிலிருந்து தூக்குமேடை இருந்த டைபர்ன் வரை சவுக்கடி. குருவானவரைத் தெருவில் அடிப்பது திருச்சபைக்கு இழுக்கு என்பதால், முதலில் அவருடைய குருப்பட்டத்தைப் பறித்தார்கள். டரம், ராச்செஸ்டர், பீட்டர்பரோ பிஷப்புகள் முன்னிலையில் அங்கிகளைக் கழற்றி, கையிலிருந்த பைபிளையும் வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் அவர் கண் கலங்கினார் என்கிறார்கள். டிசம்பர் 1 அன்று, ஒன்பது கயிறுகளில் முடிச்சுப் போட்ட சாட்டையால் 317 அடி. சிலுவையின் அவமானத்தைப் பொருட்படுத்தாத கிறிஸ்துவை நினைத்துக்கொண்டு தாங்கியதாகப் பிறகு சொன்னார்.

அந்த மூன்று பிஷப்புகளில் பீட்டர்பரோவின் தாமஸ் ஒயிட் 1688இல் அதே ஜேம்ஸால் லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார். கத்தோலிக்கர் உள்ளிட்டோருக்கு எதிரான மதச் சட்டங்களை நிறுத்திவைத்த மன்னரின் பிரகடனத்தைத் தேவாலயங்களில் வாசிக்கச் செய்ய மறுத்த ஏழு பிஷப்புகளில் அவரும் ஒருவர். மன்னர் கட்டளையிட்டாலும் சட்டத்துக்குப் புறம்பானதைச் செய்ய முடியாது என்ற இடத்துக்கு அவரும் வந்து சேர்ந்துவிட்டார். அந்த ஏழு பேரும் விடுதலையானபோது ஹவுன்ஸ்லோ முகாமில் சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள். ஜான்சனின் பிரசுரத்தால்தான் அது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் யாரை நம்பி எழுதினாரோ அவர்கள் மனம் எந்தப் பக்கம் இருந்தது என்பது அன்று ஜேம்ஸுக்கே கேட்டது.

கேள்வி: இவரைத் தியாகி என்று புகழ்வது சரியா? கத்தோலிக்கர் மீதான வெறுப்புத்தானே அந்த எழுத்தின் எரிபொருள்?

பதில்: வெறுப்பு இருந்தது, அதை மழுப்பக் கூடாது. ஜூலியன் நூலின் ஒரு பகுதி கத்தோலிக்கத்தையும் விக்கிரக வழிபாட்டையும் ஒப்பிடுகிறது. அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அதற்குச் சில வருடங்கள் முன்புதான் டைட்டஸ் ஓட்ஸ் என்பவர் கட்டிவிட்ட பொய்ச் சதிக் கதையால் நிரபராதிகளான கத்தோலிக்கர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். 1681இல் அயர்லாந்துப் பேராயர் ஆலிவர் பிளங்கெட்டும் மாண்டார். அந்தச் சூழலில் இப்படி எழுதியது ஆபத்தான காரியம். சட்டத்தின் பாதுகாப்பு எல்லாருக்கும் உரியது என்றால் கத்தோலிக்கருக்கும் உரியதுதானே? அவ்வளவு தூரம் ஜான்சன் யோசிக்கவில்லை.

ஆனாலும் அவருடைய வாதம் அவருடைய வெறுப்பைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன். ஆள்பவனுக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு, அதைத் தாண்டினால் அவன் தனி மனிதன் என்ற கருத்தை எந்த மதத்தவரும் கையில் எடுக்கலாம். அதை அவர் சக பாதிரியார்களின் முகத்துக்கு நேரே, தன் வேலையையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்துச் சொன்னார். எனக்கு அந்தத் துணிச்சல் சவுக்கடியைத் தாங்கியதைவிடப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: ஜேம்ஸ் பட்டத்தை இழந்த 1688 புரட்சிக்குப் பிறகாவது அவருக்கு நியாயம் கிடைத்ததா?

பதில்: ஓரளவு. 1689 ஜூனில் மக்களவை அவருக்கு எதிரான தீர்ப்பு சட்டவிரோதமானது, கொடூரமானது என்று தீர்மானித்தது. பட்டம் பறித்ததும் செல்லாது என்றானது. அன்று அவசரத்தில் எல்லா உடைகளையும் கழற்றியவர்கள் உள்ளங்கியைக் கழற்ற மறந்திருந்தார்கள். சடங்கு முறைப்படி முடியாததால் அவர் பாதிரியாராகவே நீடித்தார். சட்டத்தின் எழுத்தை அவ்வளவு நம்பியவருக்கு அந்த எழுத்தே கைகொடுத்தது எனக்குச் சந்தோஷம்.

புதிய மன்னர் வில்லியம் ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியமும், கையில் 1000 பவுண்டும் கொடுத்தார். டரம் பேராலயத்தின் தலைமைக் குருவான டீன் பதவி தேடி வந்தது. தான் பட்ட பாட்டுக்கு அது போதாது என்று ஜான்சன் மறுத்துவிட்டார். பிஷப் பதவியை எதிர்பார்த்தார், கிடைக்கவில்லை. அவருடைய கூர்மையான நாக்குதான் குறுக்கே நின்றிருக்கும் என்பது என் ஊகம். 1692இல் சிலர் வீடு புகுந்து தாக்கியதில் காயப்பட்டுப் பிழைத்தார். அவர் எழுதியவை எல்லாம் ஒரே தொகுதியாக அச்சானது 1710இல், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து.