மெத்தை விரிப்பு தைக்க எந்த மெஷின்?

கொழிஞ்சாம்பாறைச் சகோதரிக்கு, வணக்கம். பழைய பருத்திச் சேலைகளுக்கு நடுவே பஞ்சு விரித்துத் தைக்கும்போது மேல்துணி நகர்ந்து சுருங்குகிறது, அதனால் நூற்றுக்கணக்கான தையல் வகைகள் கொண்ட கம்ப்யூட்டர் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட வேண்டாம். ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் மெஷினின் பற்கள் அடித்துணியை மட்டுமே இழுக்கின்றன. மேல்துணியோ, மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதத்தில் உரசிப் பின்தங்குகிறது. சுருக்கத்துக்குக் காரணம் அதுதான். 'வாக்கிங் ஃபுட்' என்ற தனிப் பாதத்தில் மேலேயும் பற்கள் உண்டு. இரண்டு துணிகளும் சேர்ந்தே நகரும். முதலில் அதை உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். 16-ஆம் எண் ஊசி போடுங்கள், தையலைக் கொஞ்சம் நீளமாக்குங்கள், பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள். பல தொல்லைகள் அதிலேயே தீரும்.

அப்படியும் புதிது வேண்டுமென்றால், பூ வேலைத் தையல்களை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். விரிப்புக்கு நேர்த்தையல்தான் உயிர். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே இடம் தாராளமாக இருக்கிறதா என்று பாருங்கள். சுருட்டிய விரிப்பு அதற்குள் நுழைய வேண்டுமே! கையால் துணியை வளைத்து வளைத்துத் தைக்கும் எண்ணம் இருந்தால் பற்களைக் கீழே இறக்கும் வசதியும் அவசியம்.

கடைக்காரர் தரும் ஒற்றைத் துணியில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். உங்கள் சேலை, பஞ்சு அடுக்கையே எடுத்துச் சென்று ஓட்டிப் பாருங்கள். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ பழுது பார்க்க ஆள் உண்டா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.