பர்சனல் கம்ப்யூட்டர் வந்ததும் பல்கலைக்கழகங்களில் கணினி மையத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டதா?

இல்லை. வேலை கூடியது. "1981இல் ஐ.பி.எம். பி.சி. வந்தது, மெயின்ஃப்ரேம் (மையத்தின் பெரிய பொதுக் கணினி) ஒழிந்தது" என்று ஒரே வரியில் எங்கோ படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வரிதான் தவறு.

அதே 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கணினி மையம் கெர்மிட் என்ற கோப்புப் பரிமாற்ற முறையை உருவாக்கியது. பெரிய கணினியில் மாணவர்களுக்குக் கிடைத்த வட்டு இடம் மிகக் குறைவு. கோப்பை சிறிய கணினிக்கு இறக்கி, பிளாப்பியில் வைத்துக்கொள்ள ஒரு வழி தேவைப்பட்டது. கோப்பு 94 எழுத்துக்கு மிகாத பொட்டலங்களாகப் போகும், ஒவ்வொன்றுக்கும் பிழையைக் காட்ட ஒரு சரிபார்ப்புத் தொகை. இணைப்பு எட்டாவது பிட்டை பாரிட்டிக்கு (பிழை காட்டும் சோதனைக்கு) எடுத்துக்கொண்டால் அதை கெர்மிட்டிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மறுமுயற்சி எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய்ப் பரிமாற்றம் நின்றுவிடும். பி.சி. அந்த நாளில் மெயின்ஃப்ரேமுக்கு எதிரியாக வரவில்லை. அதன் டெர்மினலாகவும், அதாவது அதோடு பேசும் திரையும் கீபோர்டுமாகவும், வேலை செய்தது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1982இல் ஆண்ட்ரூ திட்டத்தையும், எம்.ஐ.டி. 1983இல் அதீனாவையும் தொடங்கியபோது இரண்டுமே மேசைக் கணினிகளைத் தனித்தனியாக விடவில்லை, பொதுவான கோப்புச் சேவையோடு கட்டிப்போட்டன. யார் வேண்டுமானாலும் உட்காரும் கணினியை நம்ப முடியாது என்பதால்தான் அதீனாவில் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை பிறந்தது.

"எங்கள் துறையில் பத்து பி.சி. தனியாகவே ஓடியது" என்று யாராவது வருவார்கள். ஓடியிருக்கும், மறுக்கவில்லை. எண்ணிக்கை முப்பதைத் தொட்டு, ஒரே பிரிண்டரையும் ஒரே சர்வரையும் எல்லாரும் கேட்கும்போதுதான் உண்மையான வேலை தொடங்கும். அந்த வேலை கேபிளில் இருந்தது.

அன்று ஓர் அறையின் கணினிகளை ஒரே கேபிளில் வரிசையாகக் கோத்தது மெல்லிய ஈதர்நெட்: ஆர்.ஜி-58 கேபிள், 50 ஓம், ஒரு துண்டு அதிகபட்சம் 185 மீட்டர், 30 இணைப்புகள், அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே குறைந்தது அரை மீட்டர். இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னலை உறிஞ்சி முடிக்கும் மூடி) இருந்தாக வேண்டும். ஒன்றைக் கழற்றினால் சிக்னல் திறந்த முனையில் மோதித் திரும்பி வரும். கணினியின் நெட்வொர்க் கார்டு அதை இன்னொரு கணினியின் சிக்னலோடு மோதல் என்று எடுத்துக்கொண்டு 16 முறை முயன்று கைவிடும். ஒரு மாணவர் தன் கணினியை நகர்த்த கேபிளைப் பிடுங்கினால் அறை முழுவதும் நின்றுபோவது இதனால்தான். கார்டிலிருந்து, இரு பக்கக் கேபிளையும் சேர்க்கும் டி-கனெக்டரைத்தான் கழற்ற வேண்டும், டி-யிலிருந்து கேபிளை அல்ல. டி-க்கும் கார்டுக்கும் நடுவே நீட்டிப்புக் கேபிள் போடவே கூடாது. டி.வி. ஆன்டெனாவின் 75 ஓம் கேபிளும் அதே பி.என்.சி. வகை இணைப்பு முனையில் பொருந்திவிடும். ஆனால் ஓம் மாறும் இடத்திலெல்லாம் சிக்னலில் ஒரு பகுதி திரும்பும்.

பழுதைத் தேட மல்டிமீட்டர் போதும். நெட்வொர்க்கை நிறுத்திவிட்டு, நடுவில் உள்ள ஒரு டி-யைக் கார்டிலிருந்து எடுத்து, நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே அளக்க வேண்டும். இரண்டு 50 ஓம் இணையாக இருப்பதால் 25, கேபிளின் தடையோடு சற்றுக் கூட வரும். 50 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் உறையின் கம்பி இழை ஏதோ ஓர் ஊசியைத் தொடுகிறது. அடுத்து ஒரு பக்கக் கேபிளைக் கழற்றி, அந்த இடத்தில் உதிரி டெர்மினேட்டரை மாட்டுங்கள். இப்போது 25 வந்தால் பழுது கழற்றிய பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 30 கணினியில் ஐந்து சோதனைக்குள் இடம் தெரிந்துவிடும்.

கேபிள் சரி, ஒரே ஒரு கணினி மட்டும் பேசவில்லை என்றால் கார்டைப் பாருங்கள். என்.இ.2000 என்ற கார்டு பெரும்பாலும் ஐ.ஆர்.கியூ. (கார்டு கணினியைக் கூப்பிடும் எண்) 3இல் அமைத்து வந்தது. அது இரண்டாவது சீரியல் போர்ட்டின் இடம். கார்டை 5க்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக வரலாறுகளில் எந்த மாடலை எந்த ஆண்டு வாங்கினார்கள் என்பது வரிசையாக இருக்கும். மேசைக்கடியில் படுத்துக் கேபிள் முனைகளைக் கிரிம்ப் செய்தவர்களுக்கு (நசுக்கிப் பொருத்தியவர்களுக்கு) ஒரு வரி கிடையாது. இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், சரி. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த மாடல்கள் வெறும் பெட்டிகள்.

அவர்கள் தலையில் விழுந்த இன்னொரு வேலை வைரஸ். 1987இல் வந்த ஸ்டோன்ட் என்ற வைரஸ், கணினி எழும்போது வட்டில் முதலில் படிக்கும் பூட் செக்டாரில் உட்காரும். டிரைவில் மறந்துபோன சாதாரண டேட்டா பிளாப்பியிலிருந்து கணினி எழ முயன்றாலே ஹார்ட் டிஸ்க்கில் ஏறிவிடும். "சிஸ்டம் டிஸ்க் இல்லை" என்ற செய்தி திரையில் வரும்போது காரியம் முடிந்திருக்கும். கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டை நம்பக்கூடாது. மின்சாரத்தையே அணைத்து, எழுதத் தடை போட்ட சுத்தமான பிளாப்பியிலிருந்து எழுப்பிய பிறகுதான் நீக்க வேண்டும். 5.25 அங்குலத்தில் ஓரப் பள்ளத்தை ஒட்டி மூடினால் தடை, 3.5 அங்குலத்தில் துளை திறந்திருந்தால் தடை. இந்த நேரெதிர் முறையில் குழம்பி, சுத்தமான பிளாப்பியையே நோயாளி ஆக்கிவிட முடியும். அதனால் அதன் இரண்டாவது பிரதியை யாராவது பூட்டி வைத்திருக்க வேண்டியிருந்தது. நீங்கள் கேட்ட கணினி மையத்தின் வேலைகளில் அதுவும் ஒன்று.