பதில்: பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குறா

குடியாத்தம் அண்ணா, பிளஸ் டூ படிக்கிற பொண்ணு எவ்ளோ அட்வைஸ் பண்ணாலும் "ம்"னு சொல்லிட்டு ரூமுக்கு போய்டுறானு எழுதியிருந்தீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, அந்த அட்வைஸ்தான் பிரச்சனைனு தோணுது. பிரேசில்ல பாவ்லோ ஃப்ரெய்ரேனு ஒருத்தர், 1963ல அங்கிகோஸ்ங்கிற ஊர்ல கூலிக்காரங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுத்தவர், இந்த மாதிரி சொல்லிக்குடுக்குறத பேங்க்ல பணம் போடுறதோட ஒப்பிட்டார், வாத்தியார் போட்டுக்கினே இருப்பார், புள்ள வாங்கி வெச்சிக்கினு கம்முனு இருக்கும். அவர் பண்ணது உல்டா, செங்கல் மாதிரி அவங்க டெய்லி பழகுற வார்த்தைய எடுத்து முதல்ல அத பத்தி பேச வெச்சார், எழுத்து அப்புறம்தான்.

எங்க வூட்லயும் இதே கதை. வீட்டம்மா ஆம்பூர் ஷூ கம்பெனில இருந்து ஏழு மணிக்கு வந்து தோசை சுட்டுக்கினு நிப்பாங்க, நான் உக்காந்துக்கினு பசங்களுக்கு சமத்துவம் பத்தி கிளாஸ் எடுப்பேன் (சிரிக்காதீங்க). ஒருநாள் பையன் "அம்மா எப்பப்பா சாப்டுவாங்க"ன்னான். அன்னிலேர்ந்து சுடுறது நான், மொத மாசம் ஒண்ணுகூட வட்டமா வரல, ஆனா பேச்சு வந்துச்சு.

நீங்க காலேஜ் பத்தி ஆரம்பிக்காதீங்க. வூட்ல யாருக்கு என்னென்ன வேலைனு அவளயே சொல்லச் சொல்லுங்க, நடுவுல பூந்து பேசாதீங்க, அண்ணியும் கூட உக்காந்திருக்கணும், சமையக்கட்டுல நின்னுக்கினு இல்ல.